நாற்பத்தொன்று புள்ளி ஆறு

அந்த அம்மா எங்கள் வீட்டுத் தண்ணீரைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். புரட்டாசி வெயில், மண்டையைப் பிளக்கிறது. வண்டலூரில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கி, உள்ளே எங்கள் ஊர்வரை நடந்தே வந்திருக்கிறார். என் மனைவி வசந்தா செம்பில் தண்ணீரும் தட்டில் நாலு பிஸ்கட்டும் கொண்டுவந்து நீட்டுகிறாள். "வேணாம்மா, என்கிட்ட இருக்கு" என்று தோள்பையிலிருந்து பச்சை மூடி போட்ட பாட்டிலை எடுத்து அண்ணாந்து குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். சரி, கோபம் வருமா வராதா? எங்கள் வாசலுக்கு வந்த ஆபீசர் யாரும் அதுவரை வெறும் வாயோடு போனதில்லை. இந்தம்மா காலனிக்காரர்கள் பக்கம் சாய்ந்துவிட்டது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

சாயங்காலம் விஷயம் தெரிந்தது. காலனியில் எதிர்த் தரப்பு ஏழுமலை வாங்கி வைத்திருந்த கூல் டிரிங்ஸையும் இதே மாதிரி திருப்பி அனுப்பியிருக்கிறார். "இந்தம்மா ஊர்க்காரன் பக்கம் சாஞ்சிடுச்சு" என்று அங்கே அவர்கள் புலம்பிக்கொண்டிருந்தார்களாம்.

தாலுகா சர்வேயர் அவர். அப்போது ஐம்பத்தாறு வயதிருக்கும். ஒல்லி உடம்பு, காட்டன் புடவை, அதற்குக் கீழே கேன்வாஸ் ஷூ. கொண்டையில் பூ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பென்சில். பென்சில் எங்கே எங்கே என்று பையெல்லாம் துழாவிவிட்டுக் கடைசியில் தலையைத் தடவி எடுப்பார். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது இது நடக்கும். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் போன் போட்டுத் திட்டுவார். ரிட்டயர் ஆகியும் குரலில் கொஞ்சமும் குறையவில்லை.

அவரை எனக்கு முதலில் அடையாளம் காட்டியது ஒரு சுவர். எனக்குக் கடை இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே இரண்டாவது தெரு. சிமென்ட், கம்பி, வேலிக்கல். அப்பா காலத்தில் நெல் விற்ற குடும்பம், நான் வேலிக்கல் விற்கிறேன். கடைக்கு எதிரே அடுத்தடுத்த வீடுகளில் ஓர் அண்ணன், தம்பி. இரண்டு பேரும் ரிட்டயர்ட் வாத்தியார்கள். நடுச்சுவர் அரை அடி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஒன்பது வருஷமாகப் பேச்சு கிடையாது. அண்ணன் பால் வாங்க வந்தால் தம்பி திரும்பிப் போய்விடுவார், அவ்வளவு விரோதம்.

இந்த அம்மா அளக்க வந்தார். அளவு எழுதுவதில் இவருக்கு ஒரு முறை உண்டு. டேப்பின் ஒரு முனையை ஒரு கட்சிக்காரர் கையில் கொடுப்பார், மறுமுனையை எதிர்க்கட்சிக்காரர் கையில். கூட வந்த உதவியாளர் சும்மா நிற்க வேண்டியதுதான். ஒருவர் அளவைப் படிக்க வேண்டும். மற்றவர் வந்து கண்ணால் பார்த்து, அதே அளவைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதையும் இவரிடம் சொன்னால் போதாது, படித்தவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு வாயிலிருந்தும் வராத எண்ணை அவர் பென்சில் எழுதாது.

அண்ணன் குனிந்து, "ஆறு புள்ளி ரெண்டு" என்றார். தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "கரெக்ட்தான் மேடம்" என்றார்.

"என்கிட்ட சொல்லாதீங்க சார். அண்ணன்கிட்ட சொல்லுங்க."

"அவர்கிட்ட நான் பேசறதில்ல மேடம்."

"பேச வேணாம். நம்பரை மட்டும் சொல்லுங்க, போதும்."

நான் கடையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அந்த அம்மா அவசரப்படவே இல்லை, நோட்டைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். கடைசியில் தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு அண்ணனைப் பார்த்து, "ஆறு புள்ளி ரெண்டு" என்றார். ஒன்பது வருஷம் கழித்துத் தம்பி வாயிலிருந்து அண்ணன் காதுக்குப் போன முதல் வார்த்தை அது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். சுவர் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள், அது பாட்டுக்கு நிற்கிறது. மறுவாரம் தம்பி வீட்டிலிருந்து அண்ணன் வீட்டுக்கு அடை போனதை என் கண்ணால் பார்த்தேன்.

இதே கூத்தை ஒரு நாள் நானும் ஆட வேண்டிவரும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், போய்யா வேலையைப் பார்த்துக்கொண்டு என்றிருப்பேன்.

எங்கள் சண்டையைச் சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எங்கள் ஊருக்குக் கிழக்கே காலனி. காலனிக்காரர்களின் சுடுகாடு ஏரிக்கரை ஓரம். நடுவில் எங்கள் நிலம். பயிர் வைத்து ரொம்ப வருஷம் ஆகிவிட்டது, வேலிக்காத்தான் மண்டிக் கிடந்தது. அதன் ஓரமாக ஒரு வண்டிப்பாதை. காலனியில் சாவு விழுந்தால் அந்த வழியாகத்தான் போவார்கள். என் அப்பா காலத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பிறகு மனை போடுகிற ஒரு ஆள் வந்தார். சுற்றிப் பார்த்தார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, பொணம் போற பாதை பக்கத்துல இருந்தா எவன் வாங்குவான்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான், பங்காளிகள் ஐந்து பேரும் என் வீட்டில் கூடிவிட்டார்கள். "சர்வே படத்துல பாதை இருக்குது, இல்லேன்னு சொல்லல. ஆனா அது நம்ம நெலத்துல இல்ல, தள்ளி ஏரிக்குள்ள போவுது. அவனுங்க அங்க போவட்டும்" என்று ஒரு கட்சி கட்டினோம். வேலிக்கல்லும் முள்கம்பியும் என் கடையிலிருந்தே போயிற்று. ஒரே நாளில் அடைத்துவிட்டோம்.

ஏரிக்குள் போகச் சொல்வது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஐப்பசியில் மழை பிடித்தால் அங்கே இடுப்பளவு தண்ணீர் நிற்கும். காலனியில் ஏழுமலையின் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார். தினமும் காலையில் கண்ணைத் திறந்ததும், "வழி உட்டாங்களாடா?" என்றுதான் கேட்பாராம். உட்டாங்க உட்டாங்க என்று பொய் சொல்லக்கூட ஏழுமலைக்கு வாய் வரவில்லை.

ஏழுமலை கொத்தனார். இருபது வருஷமாக என் கடையில்தான் சிமென்ட் எடுப்பவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். இருந்தாலும் அவர் என்னை 'அண்ணா' என்பார், நான் அவரை 'டா' போடுவேன். எங்கள் பக்கம் அப்படித்தான் பழக்கம், யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

வேலி போட்ட மூன்றாம் நாள் காலனிப் பையன்கள் நாலு பேர் கல்லைப் பிடுங்கிப் போட்டார்கள். நான் ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன். நாலு பேரையும் கூட்டிக்கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். அதில் ஒருவன் ஏழுமலையின் மகன் சுரேஷ். சிறுசேரியில் ஒரு கம்பெனியில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அந்தக் காலனியிலிருந்து கழுத்தில் கார்டு மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறிய முதல் பிள்ளை.

ஏழுமலை கடைக்கு வந்து நின்றார். "அண்ணா, கேஸ் கீஸுன்னு ஆச்சுன்னா புள்ள வேல பூடும்ணா. கல்ல நானே திருப்பி நட்டுத் தரேன். புள்ளய உட்டுடச் சொல்லுண்ணா."

நான் கம்பிக் கட்டை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டேன். என்ன பதில் சொல்வது? விட்டுக்கொடுத்தால் பங்காளிகள் முகத்தில் எப்படி விழிப்பது? புலி வாலைப் பிடித்தவன் கதைதான். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அன்றைக்கு ராத்திரி சாப்பிட உட்கார்ந்தேன். வசந்தா எதிரே உட்கார்ந்து, "நம்ம கல்யாணத்துக்கு வூட்டுச் சுவரப் பூசுனதே அந்த ஆளுதானே" என்றாள். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள்தான் அந்த அம்மா வந்தது. காலனிக்காரர்கள் தாலுகா ஆபீஸில் மனுப் போட்டிருந்தார்கள். வந்து, தண்ணீர் வேண்டாம் என்று எனக்குக் கோபமூட்டிய கதையைத்தான் முதலில் சொன்னேன். அடுத்து அவர் கேட்டது, "எதிர்த் தரப்புல யாரு வருவா?" ஏழுமலை வாசல் கேட்டுக்கு வெளியே நின்றபடி, "நான்தாம்மா. ஆனா புள்ளைங்க ஸ்டேஷன்ல கீறாங்க" என்றார். அந்த அம்மா டேப்பைப் பைக்குள் வைத்துவிட்டார். "அப்ப மொதல்ல அங்க போகணும்."

என் ஸ்கூட்டரில் ஏறச் சொன்னேன். ஏறவில்லை. ஏழுமலை சைக்கிளைக் காட்டினார், அதிலும் ஏறவில்லை. மெயின் ரோடுவரை நடந்து ஷேர் ஆட்டோ பிடித்துப் போனார். பின்னாலேயே நான் ஸ்கூட்டரில், எனக்குப் பின்னால் ஏழுமலை சைக்கிளில். ஊர்வலம் மாதிரி போனோம்.

ஸ்டேஷனில் அதிகாரி, "நிலத்துல அத்துமீறி நுழைஞ்சிருக்காங்க மேடம், புகார் இருக்கு" என்றார்.

"நான் இன்னும் அளக்கவே இல்லையே சார்" என்றார் இந்த அம்மா. குரலை உயர்த்தவில்லை. "எல்லை எதுன்னு எனக்கே தெரியல. இவருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. எல்லையே தெரியாம அத்துமீறல்னு எப்படி சார் எழுதுவீங்க?"

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"புள்ளைங்க சாப்பிட்டாங்களா?" என்று அடுத்த கேள்வி. "அளந்து முடிக்கிறவரைக்கும் அவங்க வீட்டுலயே இருக்கட்டும் சார். தப்புன்னா அப்பறம் கூப்பிடுங்க, ஓடியா போயிடப் போறாங்க?" அதிகாரிக்கும் அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். நாலு பேரும் வெளியே வந்தார்கள். சுரேஷ் சட்டைப் பையில் இருந்த கம்பெனி கார்டைக் கையால் பொத்திக்கொண்டே நடந்தான். அதைப் பார்த்தும் வாய்க்கொழுப்பு விடுமா? "அளந்தா தெரிஞ்சிடும் யாரு யோக்கியன்னு" என்று சத்தமாகச் சொல்லிவைத்தேன்.

அளந்தோம். முதலில், உதவியாளர் தூக்கிவந்த மூன்று கால் மிஷினை நட்டு எதையோ பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு டேப்பை எடுத்தார். "மிஷின்லதான் வந்துடுச்சே, இது எதுக்கு?" என்றேன். "மிஷின் சொன்னது எனக்குப் புரியும். உங்களுக்குப் புரியுமா? டேப்னா ரெண்டு பேருக்கும் புரியும்" என்று ஒரு முனையை என் கையில் வைத்தார். மறுமுனை ஏழுமலை கையில்.

விஷயம் ரொம்பச் சுலபம். படத்தின்படி பாதை ஒரு சர்வே கல்லை உரசிக்கொண்டு போகிறது. ஏரிக்கரை மூலைக்கல்லிலிருந்து இத்தனை மீட்டரில் அந்தக் கல் இருக்க வேண்டும். கல் கிடைத்தால் பாதை கிடைத்த மாதிரி. ஆனால் கல்லைத்தான் யாரும் பார்த்ததில்லை. மூலைக்கல்லில் நான் டேப்பைப் பிடித்துக்கொள்ள, ஏழுமலை முள்ளுக்குள் நுழைந்து போனார். கை காலெல்லாம் கீறல். அந்த அம்மா காட்டிய இடத்தில் நின்று, "நாப்பத்தொண்ணு புள்ளி ஆறு" என்று கத்தினார். அது என் வேலிக்கு இந்தப் பக்கம், எங்கள் நிலத்துக்கு உள்ளே.

"வந்து பாத்துத் திருப்பிச் சொல்லுங்க சார்" என்றார் அந்த அம்மா.

"சொல்ல மாட்டேன். ஏரிக்கரைய ஒசத்துனப்ப மூலைக்கல்லையே நகத்தி நட்டுட்டாங்க. அதுலேர்ந்து அளந்தா எப்படி சரியாகும்?" என்றேன். பங்காளிகள், "அப்படிப் போடு" என்றார்கள்.

அவர் சண்டைக்கு வரவில்லை. பென்சிலைத் திரும்பக் கொண்டையில் செருகிக்கொண்டார். "சரி, எழுதல. தோண்டிப் பாக்கறதுக்கு எழுத்து வேணாமில்ல?" என்றார்.

ஏழுமலை கடப்பாரை போட, இரண்டடி ஆழத்தில் ணங் என்றது. அந்த அம்மா புடவையைச் செருகிக்கொண்டு குழிக்குள் உட்கார்ந்து கையாலேயே மண்ணை வழித்தார். கருங்கல் ஒன்று செங்குத்தாக நின்றது. தலைப்பகுதி கிடையாது, உடைந்து போய், ஒரு பக்கம் சரிந்து பல் பெயர்ந்த மாதிரி இருந்தது. "மண்ணுல ஆயிரம் கல்லு கெடக்கும். இது சர்வே கல்லுன்னு எவன் சொன்னான்? தலையில அடையாளம் இருக்கணுமே" என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"வாஸ்தவம்தான். தலை வேணும்" என்றார். பிறகு இரண்டு கையையும் காட்டி, "கை கழுவணும்" என்றார்.

குடிக்கத்தானே மாட்டார், கழுவலாம் போல. வீட்டுப் பக்கச் சந்து வழியாகத் தோட்டத்துக் குழாய்க்குப் போனார். அங்கே வசந்தா என் சட்டைகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நடந்ததை அவள்தான் எனக்குச் சொன்னாள். "கை கழுவினு இருந்தவங்க அப்படியே நின்னுட்டாங்க. 'கொஞ்சம் தள்ளிக்கறீங்களா'ன்னு கேட்டாங்க. சோப்பு நொரையத் தள்ளிட்டுத் தொவைக்கிற கல்லத் தடவிப் பாத்தாங்க, கொழந்த முதுகத் தடவுற மாதிரி."

வெளியே வந்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டுக்கு அப்பால் நின்ற ஏழுமலையைப் பார்த்து, "கொஞ்சம் உள்ள வாங்க" என்றார்.

ஏழுமலை அசையவில்லை. "நா இங்கியே நிக்கிறேம்மா."

எங்கள் கேட்டைத் தாண்டிக் காலனிக்காரர் யாரும் வீட்டுப் பின்பக்கம் வந்ததில்லை. சுவர் பூச வந்தபோதுகூட வெளிப்பக்கம் அவர், உள்பக்கம் பூச வேறு ஆள். அந்த அம்மாவுக்கு அது புரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார். "ரெண்டு பேரும் பாக்காம நான் எதையும் எழுத மாட்டேன் சார். உங்களுக்கே தெரியும்" என்றார். என்னவோ இரும்புலியூரில் நான் கடையில் உட்கார்ந்து சிரித்ததையெல்லாம் பார்த்துவைத்திருந்தவர் மாதிரி.

பின்னால் பங்காளிகள் ஐந்து பேர் நிற்கிறார்கள். "வா, ஏழுமல. உள்ள வா" என்று சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

அவர் செருப்பைக் கழற்றப் போனார். "முள்ளு குத்தியிருக்கு, போட்டுக்கினே வாங்க" என்று வசந்தா உள்ளேயிருந்து கத்தினாள்.

துவைக்கிற கல்லின் மேல் நுரை வழிந்துபோன இடத்தில் ஒரு கூட்டல் குறி. உளியால் வெட்டியது. இருபத்திரண்டு வருஷமாக என் சட்டை அதன் மேல்தான் அடிபட்டு வெளுக்கிறது, ஒரு நாள் குனிந்து பார்த்ததில்லை நான்.

"இந்தக் கல்லு எப்படி வந்துச்சும்மா?" என்று அவர் வசந்தாவைக் கேட்டார்.

"நா வாக்கப்பட்டு வந்தப்பவே இங்கதான் கெடந்துச்சு. மாமா டிராக்டர் ஓட்டறப்ப கலப்பை மாட்டி ஒடைஞ்சுதாம். நல்ல கருங்கல்லு, வீணாப் போவ வேணாம்னு தூக்கியாந்தாராம். அவரு இருந்தவரைக்கும் பெருமையா சொல்லுவாரு."

ஆமாம், அப்பா சொல்வார். நானும் நூறு தடவை கேட்டிருக்கிறேன். மனுஷர் ஒரு சாக்குத் துண்டைக்கூட வீணாக்க மாட்டார். சர்வே கல்லைப் பிடுங்கி நிலம் திருடுகிற புத்தியெல்லாம் அவருக்குக் கிடையாது. நல்ல கல்லாச்சே என்று எடுத்துவந்தார், அவ்வளவுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். நாங்கள் ஒரு காலனியின் சுடுகாட்டு வழியையே தெரியாமல் துவைக்கிற கல்லாக்கி வைத்திருந்தோம்.

"ஆளுக்கொரு பக்கம் தூக்குங்க" என்றார் அந்த அம்மா.

நானும் ஏழுமலையும் தூக்கினோம். சோப்பு வழுக்கியது. வழியில் இரண்டு தடவை இறக்கி வைத்தோம். "பாத்துண்ணா, வெரலு" என்றார் ஒரு தடவை. மகனை ஸ்டேஷனில் உட்கார வைத்தவனின் விரலுக்கு அந்த மனுஷன் கவலைப்படுகிறார். என் கண் எரிந்ததற்குச் சோப்பின் மேல் பழியைப் போட்டுக்கொண்டேன்.

குழியில் நின்ற அடிக்கல்லின் மேல் வைத்துத் திருப்பினோம். முதல் தடவை உட்காரவில்லை. கால் சுற்றுத் திருப்பியதும் சரிந்த பக்கம் சரிந்த பக்கத்தோடு பொருந்தி, அசையாமல் நின்றது.

அந்த அம்மா பென்சிலைத் தேடினார். பையில் இல்லை. தலையில் இருந்தது. "ஏழுமலை, இன்னொரு தடவ படிங்க."

"நாப்பத்தொண்ணு புள்ளி ஆறு."

நான் போய் டேப்பைப் பார்த்தேன். அவர் முகத்தையும் பார்த்தேன். "நாப்பத்தொண்ணு புள்ளி ஆறுடா" என்றேன்.

பென்சில் எழுதவில்லை. "டேப்ப நல்லாப் பாருங்க சார். அதுல 'டா' எங்க இருக்கு?"

ஏழுமலை உதட்டைக் கடித்துக்கொண்டார். பங்காளிகளில் ஒருவன் பக்கென்று சிரித்துவிட்டான், துரோகி. எனக்குக் காது சூடானது, பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. "நாப்பத்தொண்ணு புள்ளி ஆறு" என்றேன், 'டா' இல்லாமல். அவர் எழுதினார்.

அப்போது எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதை எப்படிச் சொல்வது! தோற்றுப்போனேன், சந்தேகமே இல்லை. ஆனால் வேலி போட்ட நாளிலிருந்து தொண்டையில் சிக்கியிருந்த முள் இறங்கிவிட்டது. பங்காளிகளைப் பார்த்துக் கையை விரித்து, "நா என்னப்பா பண்றது, கல்லே சொல்லிடுச்சே" என்றேன்.

அந்த அம்மா நோட்டை மூடிவிட்டு நிமிர்ந்தார். "கல்லு கெடைக்கலேன்னா மட்டும் பொணம் பறந்தா போகும் சார்?"

வேலியை அன்றைக்கே நான்தான் பிரித்தேன், புகாரையும் எழுதிக் கொடுத்து வாபஸ் வாங்கினேன். பங்காளிகள் நாலு மாசம் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். அப்புறம், பேஜார் புடிச்ச வேலைடா இது என்று ஒவ்வொருவனாக வந்து ஒட்டிக்கொண்டான். மனை போடுகிற ஆள் வேறு ஊர் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். எழுதி முடித்ததும் பச்சை மூடி பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தார், காலி. "இப்ப யாராவது தண்ணி குடுங்களேன்" என்றார். நான் வீட்டுக்கு ஓட, ஏழுமலை காலனிக்கு ஓட, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு செம்போடு வந்து நின்றோம். அவர் இரண்டையும் வாங்கி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் இரண்டையும் குடித்தார். "ஐயோ, இனிமே தாம்பரம் போறவரைக்கும் வயிறு தளும்பும்" என்று சிரித்தார். அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

ஏழுமலையின் அப்பா? அவர் கதையே தனி. வழி திறந்துவிட்டார்கள் என்று சொன்ன மூன்றாம் நாள் கோலை ஊன்றிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். பாதையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். கல்லைக் கையால் தட்டிப் பார்த்தார். பிறகு தினமும் காலையில் வண்டலூர் ஜூவில் சிங்கம் கத்தும் நேரத்துக்கு அந்த வழியில் நடை. அடுத்த வருஷம் ஒரு நாள் என்னைப் பார்த்து, "தம்பி, வழி அடச்சிருந்தப்போ உசுரு போவப் பயந்துகினு கெடந்துச்சு. தொறந்து உட்டதும் போவ மனசு வரல" என்றார். நாலு வருஷம் இருந்தார் மனுஷர். சுரேஷ் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

எனக்கும் ஏழுமலைக்கும் இதில் ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. தாம்பரம் ஸ்டேஷன் கூட்டத்தில் அவர் என்னைப் பார்த்தால், "நாப்பத்தொண்ணு புள்ளி ஆறு!" என்று அங்கிருந்தே கத்துவார். நான் திருப்பிச் சொல்லாவிட்டால் விடமாட்டார். இரண்டு கிழவர்களும் என்ன லாட்டரி நம்பரா பேசிக்கொள்கிறார்கள் என்று ஜனங்கள் பார்ப்பார்கள்.

பெரியவர் ஓர் ஐப்பசியில் போனார். அடை மழை. ஏரி நிரம்பி, நாங்கள் அவர்களைப் போகச் சொன்ன இடத்தில் தண்ணீர் அலையடித்துக்கொண்டிருந்தது. பாதை மேட்டில் இருந்ததால் ஈரம் மட்டும்தான். நானும் கூடவே நடந்தேன். கல்லருகே வந்தபோது முன்னால் கொள்ளிச்சட்டியோடு போன ஏழுமலை ஒரு கணம் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். நானும் சத்தமில்லாமல் திருப்பிச் சொன்னேன்.

எல்லாம் முடிந்து, தலையைத் துவட்டிக்கொண்டு அந்த அம்மாவுக்கு போன் போட்டேன். ரிட்டயர் ஆகி வீட்டில் இருந்தார்.

"அம்மா, ஏழுமலையோட அப்பா போயிட்டாரு. இன்னிக்கிக் காலைல எடுத்தோம். நம்ம வழியாத்தான் போனாரு."

"மழையா இருந்திருக்குமே?"

"கொட்டுது. ஆனா வழியில தண்ணி நிக்கலம்மா. ஒரு பொட்டுத் தண்ணி நிக்கல."

அழுவார் என்று நினைத்தேன். அந்தப் பழைய குரல்தான் வந்தது.

"ஏழுமலை பக்கத்துல இருக்காரா? அவர்கிட்ட குடுங்க."

கொடுத்தேன். ஏழுமலை இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "ஆமாம்மா. ஒரு பொட்டுத் தண்ணி நிக்கல" என்றார்.

"சரி" என்றார் அந்த அம்மா. "இப்ப எழுதிக்கலாம்."